ஏழுக்கும் வகுபட்ட எண்

என் மாணவர்கள் எப்போதாவது, “டீச்சர், உங்களுக்குப் பிடிச்ச நம்பர் எது?” என்று கேட்பார்கள். ஏழு என்றோ பதின்மூன்று என்றோ சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். நான் 381654729 என்பேன். யாருடைய கைப்பேசி எண் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அதைப் பலகையில் பெரிதாக எழுதி, முதல் இலக்கத்தைத் தவிர மற்றதையெல்லாம் கையால் மறைப்பேன்.

3. அது ஒன்றால் வகுபடும். அதில் அதிசயம் ஏதுமில்லை. கையைக் கொஞ்சம் நகர்த்தினால் 38. இரண்டால் வகுபடும். 381, மூன்றால். 3816, நான்கால். 38165, ஐந்தால். இப்படிக் கை நகர நகர, ஆறு இலக்கம் ஆறாலும், ஏழு இலக்கம் ஏழாலும், எட்டு இலக்கம் எட்டாலும், முழு எண் ஒன்பதாலும் மீதியில்லாமல் வகுபடும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா இலக்கமும் அதில் ஒரே ஒரு தடவை வந்திருக்கும். கடைசியில் ஒரு சுழியத்தை ஒட்டவைத்தால் பத்தாலும் வகுபட்டுவிடும். அந்த ஒன்பது இலக்கங்களையும் இடம் மாற்றி மாற்றி வைத்தால் மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது எண்கள் வரும். அத்தனையிலும் இந்தக் குணம் இருப்பது இது ஒன்றுக்குத்தான்.

நான் அதைக் கண்டுபிடித்தது பதினோரு வயதில், என் மாமாவுக்குக் கல்யாணம் செய்துவைப்பதற்காக.

லிங்கி என்ற ஊருக்குப் போகும் பாதையில், ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருந்த ஒரு தோட்டத்தில் அப்போது இருந்தோம். அப்பா செம்பனைக் குலை வெட்டுவார். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். வெட்டிய குலைகளை டிராக்டரில் ஏற்றி எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோவார். அவருக்கு இருபத்தாறு வயது. கிட்டார் வாசிப்பார், யாருடைய குரலிலும் பேசிக் காட்டுவார், சிறுபிள்ளைகளின் காதிலிருந்து இருபது காசு எடுப்பார். எடுத்த காசைப் பிள்ளைகள் கேட்டால் மறுபடியும் காதுக்குள்ளேயே போய்விட்டது என்பார். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர் என்றாலும் அவருக்குத் தெரியாதது எதுவும் உலகத்தில் கிடையாது என்றுதான் நான் நம்பியிருந்தேன். அவரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கும்படி எதுவும் செய்ததில்லை.

எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு அந்த வருடம் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்திருந்தார். ரஹாங்கிலிருந்து தினமும் ஒரு சின்ன வெள்ளைக் காரில் வருவார். அதிகம் பேசமாட்டார். கணக்கு தப்பாகப் போனால் திட்டவும் மாட்டார். தப்பு நடந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் புள்ளிக்கு நாங்கள் பிரம்பைவிட அதிகமாகப் பயந்தோம்.

என்னை மோட்டார் சைக்கிளில் பள்ளியிலிருந்து அழைத்துவருவது மாமாவின் வேலை. முன்பெல்லாம் வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். டீச்சர் வந்த பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து என் புத்தகப் பையைத் தானே சுமக்க ஆரம்பித்தார். அறிவிப்புப் பலகையைப் படிப்பார். போன வருடப் பற்பராமரிப்பு வார அறிவிப்பைக்கூட அத்தனை கவனமாகப் படிப்பார். இதை என் அம்மா எப்படியோ தெரிந்துகொண்டாள்.

“டீச்சர் கழுத்துல சிலுவை போட்டிருக்காங்க. நம்ம வேதம்தான்” என்று ஒருநாள் சோறு போடும்போது பொதுவாகச் சொன்னாள்.

“இருந்துட்டுப் போவட்டும், எனக்கென்ன?” என்றார் மாமா. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு மஞ்சள் அட்டை வந்தது. டீச்சரின் கையெழுத்து. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கங்களையும் ஒருமுறை மட்டும் கொண்ட ஓர் எண். முதல் இரண்டு இலக்கம் இரண்டால், முதல் மூன்று மூன்றால் என ஒன்பது வரை வகுபட வேண்டும். அப்படிப்பட்ட எண் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது எது என்று கேட்டிருந்தார். கீழே ஒரு வரி: “வீட்டில் உள்ள பெரியவர்களும் முயலலாம்.”

மாமா அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தார்.

அன்று மாலையே விடை கண்டுபிடித்துவிட்டார். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே இருந்தவர் திடீரென்று தொடையைத் தட்டினார். “பாப்பா, இங்க வா. 987654321. தலைகீழா எழுதிட்டா முடிஞ்சு போச்சு. இவ்ளோதான்லா!”

அம்மாவும் அப்பாவும் வந்து நின்றார்கள். மாமா ஒரு வித்தை காட்டுபவரைப் போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். 98 இரண்டால் போனது. 987 மூன்றால் போனது. 9876 நான்கால், 98765 ஐந்தால், 987654 ஆறால். அதற்குப் பிறகு எட்டுக்குத் தாவினார். 98765432-ஐ எட்டால் வகுத்தபோது நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். விடை 12345679. தலைகீழாக நின்ற எண் நேராகத் திரும்பி நிற்கிறது, எட்டு ஒன்றுதான் நடுவில் காணோம். ஒன்பதுக்கும் மீதியில்லாமல் போனது.

“ஏழு?” என்றேன்.

“ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் சரி. எட்டும் சரி, ஒன்பதும் சரி. நடுவுல ஏழு மட்டும் எங்க ஓடிடப் போவுது?”

அது எனக்கும் நியாயமாகவே பட்டது. இத்தனை அழகான எண் தப்பாக இருக்க முடியாது என்று அப்பா சொன்னார். மாமா ஒரு வெள்ளைத் தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டு, டிராக்டர் ஓட்டப் போகிறவர் பூசிக்கொள்ளத் தேவையில்லாத அளவு பவுடர் பூசிக்கொண்டு நின்றார்.

நான் அதற்குள் என் நோட்டில் ஏழால் வகுத்திருந்தேன். சந்தேகத்தால் வகுத்தேன் என்று சொல்ல மாட்டேன். எட்டால் வகுத்தபோது அத்தனை அழகாக வந்ததே, ஏழால் வகுத்தால் இன்னும் என்ன அழகு வருமோ என்ற ஆசைதான். 9876543-ஐ ஏழால் வகுத்தால் மீதி ஐந்து வந்தது.

“மாமா, அஞ்சு மிச்சம் வருது.”

“நீ தப்பா வகுத்திருப்ப.”

அவரே உட்கார்ந்து வகுத்தார். ஐந்து. பேனாவை மாற்றி வகுத்தார். ஐந்து. அப்பாவைக் கூப்பிட்டு வகுக்கச் சொன்னார். அப்பாவுக்கு மூன்று வந்தது. சற்று நம்பிக்கை பிறந்தது. மறுபடி வகுத்ததில் அப்பாவுக்கும் ஐந்து வந்தது. மாமா மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தார். மற்ற எல்லாவற்றுக்கும் இணங்கிப் போய், ஒரே ஓர் இடத்தில் ஐந்தைத் துப்பிவிட்ட அந்த எண்ணின் மேல் எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அன்று முதல் மாமாவைவிட அதிகமாக நான்தான் அதில் மாட்டிக்கொண்டேன்.

விடுமுறை தொடங்கியது. அம்மா தூக்கிப் போட வைத்திருந்த பழைய நாட்காட்டியிலிருந்து 1 முதல் 9 வரை பெரிய பெரிய தேதிகளைக் கத்தரித்து எடுத்தேன். சமையலறைச் சிமெண்டுத் தரையில் அவற்றை வரிசையாக வைப்பதும் மாற்றுவதுமாக இருந்தேன். மின்விசிறி போட்டால் இலக்கங்கள் பறக்கும் என்பதால் வியர்த்து ஊற்றினாலும் போடவிடமாட்டேன். “கிறுக்குப் பிடிச்சிருச்சு இவளுக்கு” என்று அம்மா என்னைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

முதலில் பிடிபட்டது ஐந்து. ஐந்தால் வகுபட வேண்டுமானால் ஐந்தாம் இடத்தில் ஐந்துதான் இருக்க முடியும். அதை எடுத்து நடுவில் வைத்து, அசையாதிருக்க ஒரு புளிச்சாடியை அதன்மேல் வைத்தேன். இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் இடங்களில் இரட்டை எண்கள் மட்டுமே வரலாம். அப்படியானால் ஒற்றை எண்களுக்கு மற்ற இடங்கள். மூன்று லட்சத்துச் சொச்சம் எண்களில் பெரும்பாலானவை அதிலேயே செத்துவிட்டன என்பது எனக்கு அப்போது தெரியாது. தரையில் கொஞ்சம் இடம் காலியானதுபோல் மட்டும் இருந்தது.

நாலாம் இடத்தில் இரண்டோ ஆறோதான் வர முடியும் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஏனென்றால் அதற்கு முன்னால் நிற்பது ஒற்றை எண். ஒற்றைக்குப் பின் நாலோ எட்டோ வந்தால் நான்கால் வகுபடாது. எட்டாம் இடத்துக்கும் அதே கதை. பிறகு மூன்றாலும் ஆறாலும் வகுபட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு இழுத்ததில், நடு மூன்று இடங்களில் 258 வரலாம் அல்லது 654 வரலாம், வேறு எதுவும் வராது என்று ஆனது. அது தெரிந்த மத்தியானம் நான் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அடுத்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எழுந்து வந்து என்னவென்று கேட்டார்.

கடைசியில் பத்தே பத்து எண்கள் மிஞ்சின. மாமாவின் 987654321 அந்தப் பத்தில் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது அதன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. கடைசிவரை வந்திருக்கிறதே. இன்னொன்று 147258963. தோட்டத்து அலுவலக வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியின் பொத்தான்களை முதல் வரிசை மேலிருந்து கீழ், இரண்டாம் வரிசை மேலிருந்து கீழ், மூன்றாம் வரிசை கீழிருந்து மேல் என்று அழுத்தினால் வருவது அது. இதுதான் அது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. ஏழால் வகுத்தேன். மீதி ஆறு.

அதற்கப்புறம் எந்தக் குரலையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக முதல் ஏழு இலக்கத்தை ஏழால் வகுத்து, டீச்சர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி மீதியைச் சுற்றி வட்டம் போட்டேன். இரண்டு. ஆறு. ஐந்து. இரண்டு. நாலு. எட்டாவதாக 3816547. முப்பத்தெட்டில் ஐந்து ஏழு போக மூன்று. முப்பத்தொன்றில் நாலு போக மூன்று. முப்பத்தாறில் ஐந்து போக ஒன்று. பதினைந்தில் இரண்டு போக ஒன்று. பதினான்கு. அந்தப் பதினான்கைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அதில் மீதியே இல்லை, அடுத்து இறங்கி வரவேண்டிய இலக்கமோ ஏழு. நான் உடனே அதை இறக்கி எழுதவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதினேன்.

மிச்சமிருந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது சரியா என்று பார்த்துவிட வேண்டுமல்லவா?

மாமா குலைகளின் எண்ணெய் வாடையோடு வேலையிலிருந்து வந்து இறங்கியதும் தாளை நீட்டினேன். அவர் ஏழால்தான் முதலில் வகுத்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“இது நீயா செஞ்ச?”

“ஆமா. நீங்க உங்க கையால எழுதி டீச்சர்கிட்ட குடுங்க.”

“நீ கண்டுபிடிச்சதை நான் எப்படிலா குடுக்கறது?”

“எனக்கு எதுக்கு? டீச்சர் அத்தையா வந்தா போதும்.”

மாமாவின் காது சிவந்துபோனது. அவர் வேண்டாம் என்றார்; நான் அழுவேன் என்றேன்; அம்மா உள்ளிருந்து, “பிள்ளை ஆசையா குடுக்குது, வாங்கிக்கயேன்டா” என்றாள். அன்றே மாமா அதை அழகான கையெழுத்தில் ஒரு புதிய தாளில் எழுதினார். பத்து எண்களையும், ஏழின் மீதிகளையும், வட்டங்களையும்கூட விடாமல் பார்த்து எழுதினார்.

இதற்கிடையில் அப்பா என்னிடம் தனியாக வந்து, “இதுல எந்த நாலு நல்லதும்மா?” என்று கேட்டார். எந்த எண்ணைக் கண்டாலும் நம்பர் கடைக்குப் போய் குலுக்கலுக்கு நாலு இலக்கம் எடுப்பது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் பழக்கம். கவிழ்ந்த லாரியின் எண்ணை எடுப்பார்கள், கனவில் வந்த பாம்பின் நீளத்தை எடுப்பார்கள். எல்லா நாலும் நல்லதுதான் என்றேன். அப்பா 3816 எடுத்தார், மண்டோர் 4729 எடுத்தார். இரண்டும் வரவில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்று என்றாயே என்று மண்டோர் என்னிடம் வருத்தப்பட்டார்.

தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது, டீச்சர் எப்படி என்று கேட்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் எப்போதும் அதைத்தான் கேட்பார். ஆகவே மூன்று நாள் மாமாவுக்கு நான் பாடம் எடுத்தேன். ஐந்து ஏன் நடுவில், இரட்டை ஏன் இரட்டை இடத்தில், நாலாம் இடத்தில் ஏன் இரண்டும் ஆறும் மட்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவர் டிராக்டரில் போகும்போதும் சொல்லிப் பார்த்துக்கொள்வார். மூன்றாம் நாள் பத்து எண்களையும் பாட்டைப் போல மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஏழால் வகுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முன்னுக்குப் பின் கேட்டேன், நடுவிலிருந்து கேட்டேன்; ஒரு தடங்கல் இல்லை. எனக்கு அவர்மேல் பெருமையாக இருந்தது.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறையிலும் வகுப்பு நடந்ததால் டீச்சர் புதன்கிழமைகளில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார். மாமா போய்த் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் நடந்து வந்த விதத்திலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“என்னடா சொன்னாங்க?”

“பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வரலாமான்னு கேட்டாங்க.”

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா உளுந்து வடையும் சுட்டு, போதாதென்று லோபாக்கிலிருந்து கேக்கும் வாங்கிவரச் சொன்னாள். பெட்டியிலேயே இருந்த கண்ணாடிக் கோப்பைகள் முதல்முறையாக வெளியே வந்தன. நாற்காலி இரவல் வாங்க மண்டோர் வீட்டுக்குப் போனபோது விஷயம் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு டீச்சர் தானாக வீடு தேடி வருகிறார் என்றால் வேறு எதற்காக இருக்கும்? பெரியவர்கள் பேச்சில் இருக்கக்கூடாது என்று சொல்லி என்னைச் சமையலறைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள்.

டீச்சர் வந்தார், உட்கார்ந்தார், வடை நன்றாக இருக்கிறது என்றார். அதன் பிறகு கைப்பையிலிருந்து மாமாவின் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“மஞ்சள் அட்டைக்கு வந்த ஒரே சரியான விடை இதுதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?”

மாமா ஆரம்பித்தார். ஐந்து, இரட்டை, ஒற்றை, நாலாம் இடம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் திரைக்குப் பின்னால் உதடு அசைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் பிசகவில்லை. அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. நடுவில் 258 அல்லது 654 என்றார். அப்படியே பத்து எண்களுக்கு வந்து சேர்ந்தார்.

“ரொம்பத் தெளிவா சொல்றீங்க” என்றார் டீச்சர். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் வகுப்பில் பார்த்ததே இல்லை. “உண்மையைச் சொல்லணும்னா நான் வேற நினைச்சிட்டு வந்தேன். மீதியைச் சுத்தி வட்டம் போட்டிருக்கு பாருங்க, இது நான் வகுப்புல சொல்லிக் குடுத்தது. அதனால உங்க அக்கா மகதான் செஞ்சிருப்பாளோன்னு ஒரு எண்ணம். சிரம்பான்ல சனிக்கிழமை கணக்கு வகுப்பு ஒண்ணு இருக்கு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒருத்தருக்கு இடம் கேட்டு வச்சிருந்தேன். இந்த மாதிரி யோசிக்கிற பிள்ளைக்குத்தான் குடுப்பாங்க. பரவால்ல, அதை வேற பள்ளிக்கு விட்டுடலாம்.”

சனிக்கிழமை முழுக்க வகுப்பா? சனிக்கிழமையில்தானே பாசார் மாலாம் இரவுச்சந்தை, அங்கே ஐஸ் கச்சாங், எல்லாம்? தப்பித்தேன் என்று நினைத்தேன்.

“கடைசி ஒண்ணு மட்டும் மிச்சம்” என்றார் டீச்சர். “இந்தப் பத்துல ஏழுக்கு எது வகுபடும்னு எப்படிப் பார்த்தீங்க?”

மாமா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், ஆரம்பிக்கவில்லை.

நான் திரையை ஒட்டி நின்று மெல்ல, “முப்பத்தெட்டில் அஞ்சு” என்றேன். அவருக்குக் கேட்டது. கேட்டது என்பது எனக்குத் தெரியும். அவர் தலை என் பக்கம் லேசாகத் திரும்பியது. “மீதி மூணு. முப்பத்தொண்ணுல நாலு” என்றேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

மாமா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

“அது மறந்து போச்சு டீச்சர். எனக்கு ஏழு வாய்ப்பாடே ஒழுங்கா வராது. நான் கண்டுபிடிச்ச நம்பர் ஏழுல உதைச்சுது. அதைக்கூட இவதான் பார்த்துச் சொன்னா. இதெல்லாம் அவ செஞ்சது. தரையில உட்கார்ந்து பத்து நாளா செஞ்சா. நான் பார்த்து எழுதினேன், அவ்ளோதான். அந்த இடத்தை யாருக்கும் விட்டுடாதீங்க.”

அம்மா கையில் வைத்திருந்த கேக் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். டீச்சர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, “வெளிய வாம்மா” என்றார். நான் போய் நின்றேன். முப்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்து ஏழு வரை சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதாக அப்பா பிற்காலத்தில் சொல்வார்.

டீச்சர் அப்பாவிடம் ஒரு விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆறிப்போன தேநீரை முழுவதும் குடித்துவிட்டுப் புறப்பட்டார். கார்வரை மாமாதான் கூடப் போனார். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். கொஞ்ச நேரம்தான். அடுத்த வருடம் டீச்சருக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்தது. அங்கேயே யாரையோ மணந்துகொண்டார் என்று கேள்வி. மாமாவின் கல்யாணம் நடக்க இன்னும் நாலு வருடம் ஆனது. வந்த அத்தை நன்றாகவே பாடுவார், கணக்கில் ஆர்வமில்லாதவர்.

அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து மாமா என்னை மோட்டாரில் சிரம்பானுக்கு அழைத்துப்போக ஆரம்பித்தார். முதல் நாள் தோட்டத்துச் செம்மண் பாதையைத் தாண்டி தார்ச் சாலையில் ஏறும்வரை நான் அவரோடு பேசவில்லை. அந்த வாரம் முழுக்கவே பேசவில்லை. மூன்று நாள் பாடம் எடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர், டீச்சர் கேட்கும்போது கோட்டை விட்டுவிட்டாரே என்று மனம் ஆறவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தும் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை.

தார்ச் சாலையில் ஏறியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். “எப்படி மாமா மறந்தீங்க? முந்தி எல்லாத்தையும் சரியா சொன்னீங்கதானே?”

“என்னமோலா பாப்பா” என்று அவரும் காற்றில் கத்தினார். “டீச்சரைப் பார்த்ததும் எல்லாம் மறந்து போச்சு.”

“பயந்துட்டீங்களா?”

“ஆமா. பயந்துட்டேன்.”

மறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சிரம்பான் வரும்வரை அவருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே போனேன். தூங்கப் போகுமுன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். மனதுக்குள் சொன்னால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் முகத்தையும் பார்க்காமல் தாளை மட்டும் பார்க்க வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வகுப்பு வாசலில் என்னை இறக்கிவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அடுத்த முறை கட்டாயம் மறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

சரி, போனது போகட்டும் என்று நானும் அவரைப் பெரிய மனது வைத்து மன்னித்துவிட்டு உள்ளே போனேன்.